வண்டிச் சக்கரத்துக்கு மெருகு: வீட்டில் எந்த மெஷின் பிடிப்பது?

இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் எழுதியது



ஆண்டு மலருக்குக் கவிதை தர ஆள் நிறைய இருக்கிறார்கள், நீ தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். எனக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை, ரெக்கார்டு நோட்டு எழுதின பழக்கம்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பிழை இருந்தால் மட்டும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

நம் சைக்கிள் ஸ்டாண்டில் இப்போது சைக்கிளைவிட மோட்டார் சைக்கிள்தான் அதிகம். அதில் பாதி, அண்ணனோ மாமாவோ ஓட்டிப் பழசாக்கிக் கொடுத்தவை. என் வண்டியும் அப்படித்தான். டிப்ளமோ சேர்ந்தபோது மாமா கொடுத்தார். இஞ்சின் நன்றாக இருந்தது, சக்கரம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்புப் பெயிண்ட் வெடித்து, உள்ளே அலுமினியம் வெள்ளை பூத்திருந்தது. அதைச் சுரண்டிக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவோம் என்று கிளம்பினேன். எந்த மெஷினைப் பிடிப்பது என்று யோசிக்காமல் கிளம்பினேன். அதன் அடையாளம் என் இடது முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை நீளத்துக்கு இருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் சக்கரத்தைப் பார்ப்போம்.

சக்கரம் எந்த ஜாதி?

மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு காந்தம் வாங்குங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றினது போதும். ஸ்போக்ஸ் வைத்த ரிம்மில் காந்தம் ஒட்டினால் அது எஃகு, மேலே தெரிகிற பளபளப்பு குரோம் பூச்சு. அந்தக் குரோம் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. நம் தலைமுடியின் கனம் அறுபது எழுபது மைக்ரான் என்று வைத்தால், அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று பாருங்கள். இதன்மேல் எந்த மின்கருவியையும் வைக்கக்கூடாது. சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, கையால் பாலிஷ், அவ்வளவுதான். பூச்சு போய்த் துரு வந்துவிட்டால் திரும்பப் பூச்சுப் போடக் கொடுக்க வேண்டியதுதான். தேய்க்கத் தேய்க்கத் துருதான் பெருகும்.

காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியக் கலவை. இதை நம் மெக்கானிக்குகள் ‘மேக் வீல்’ என்பார்கள். மக்னீசியத்தில் செய்த பந்தயச் சக்கரத்துக்கு வந்த பெயர் அது, அலுமினியத்துக்கும் ஒட்டிக்கொண்டது. உண்மையான மக்னீசியச் சக்கரம் நம் கைக்கு வராது. வந்தால் தொடாதீர்கள். அதன் தூசி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் மூர்க்கமாக எரியும்.

அலுமினியமாக இருந்தாலும் மேலே கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூசியிருக்கலாம். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. உலோகப் பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டு ஓரிடத்தில் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்கவில்லை என்றால் மேலே பூச்சு இருக்கிறது. அதை எடுக்காமல் பாலிஷ் போட்டால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் பெயிண்டைத்தான் தேய்த்துக்கொண்டிருப்போம்.

பெயிண்டை எடுக்க ஒரு சீனியர் எனக்குக் காஸ்டிக் சோடா சிபாரிசு செய்தார். முதலாண்டு வேதியியல் ஞாபகம் இருந்ததால் தப்பித்தேன். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பெயிண்ட் கடையில் கிடைக்கிற ரிமூவர்தான் சரி. அதையும் திறந்த வெளியில், ரப்பர் கையுறை போட்டுத்தான் தடவ வேண்டும். தோலில் பட்டால் சூடு வைத்த மாதிரி எரியும், ஆவியும் ஆகாது.

அப்பாவின் பட்டறை

எங்கள் ஊர் திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையம். பாத்திரத்துக்குப் பேர் போன இடம். செம்பு, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் உண்டு. அப்பா எவர்சில்வர் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். இருபத்தைந்து வருஷமாகப் பீஸ் ரேட்டுக்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இமை முடிகூடச் சாம்பல் பூத்து இருக்கும். சின்ன வயசில் நான் அவரை அந்தக் கோலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் வேலை செய்கிற மெஷின் எளிமையானது. மோட்டார், அதன் தண்டில் துணியை அடுக்கித் தைத்த பஃப். பஃப் ஓடும்போது பாலிஷ் சோப்புக் கட்டியை அதில் தொட்டுக்கொண்டு, பாத்திரத்தைக் கையால் பிடித்து அழுத்துவார்கள். முரட்டு வேலைக்குச் சணல் மாதிரியான சிசல் நார் பஃப். முடிக்கிற வேலைக்கு மெல்லிய காடாத் துணி.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா ஒருநாள் சொன்னது ஞாபகம் இருக்கிறது: “பஃப்பு தேய்ஞ்சு சின்னதாயிருச்சுன்னா வெட்டாது கண்ணு. எத்தனை அழுத்துனாலும் சும்மா சூடுதான் ஏறும்.” ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டிப்ளமோ வந்த பிறகு கட்டிங் ஸ்பீடு பாடம் நடத்தியபோதுதான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அது விளங்கியது.

மெருகேற்றுவது மோட்டாரின் சுற்று அல்ல. பஃப்பின் விளிம்பு ஒரு வினாடியில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதுதான். விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14 ஆல் பெருக்கி, நிமிஷச் சுற்றால் பெருக்கி, 60 ஆல் வகுத்தால் அந்த வேகம் வந்துவிடும்.

அப்பாவின் மெஷினையே எடுத்துக்கொள்வோம். இரண்டு துருவ இண்டக்‌ஷன் மோட்டார், 50 ஹெர்ட்ஸ். 120ஐ 50 ஆல் பெருக்கி 2 ஆல் வகுத்தால் 3000 சுற்று. ஸ்லிப் போக 2850 என்று வைப்போம். புது பஃப் எட்டங்குலம், அதாவது 200 மில்லிமீட்டர். விளிம்பு வேகம் வினாடிக்குச் சுமார் 30 மீட்டர். அதே பஃப் தேய்ந்து ஐந்தங்குலம் ஆனால் 125 மில்லிமீட்டர், வேகம் 18.6 மீட்டர்தான். மோட்டார் அதே சுற்றில்தான் ஓடுகிறது, ஆனால் வெட்டு பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. அப்பா மூன்றாம் வகுப்பு. இந்தக் கணக்கை அவர் கையில் தெரிந்து வைத்திருந்தார்.

துணி பஃப்பில் அலுமினியத்தை நன்றாக வெட்டி மெருகேற்றச் சுமாராக வினாடிக்கு 30 முதல் 40 மீட்டர் வேண்டும். அதற்குக் கீழேயும் வேலை நடக்கும், நேரம்தான் கூடும். மேலே போனால் சோப்பு உருகித் தெறிக்கும், சூடு ஏறும், பஃப் பிய்யும். இந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

என் கைத் தழும்பின் கதை

நான் கடைக்குப் போகவில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில் நாலங்குல ஆங்கிள் கிரைண்டரை இரவல் வாங்கினேன். பட்டறைகளில் ஏ.ஜி.4 என்பார்களே, அதுதான். எட்டிப்போய் அப்பா பட்டறையில் பழைய நாலங்குல பஃப் ஒன்றையும் எடுத்து வந்தேன். வாஷர் வைத்து எப்படியோ மாட்டிவிட்டேன். கார்டு இடைஞ்சலாக இருந்தது என்று அதையும் கழற்றிவிட்டேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. வேகம் குறைக்க வழி கிடையாது. விளிம்பு வேகம் போட்டுப் பாருங்கள்: 57.6 மீட்டர். வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பஃப்பைப் பிய்க்கப் பார்க்கிற மையவிலக்கு விசை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 2850ல் ஓட வேண்டிய பஃப்பை 11,000ல் ஓட்டினால் சுற்று நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. விசையோ கிட்டத்தட்டப் பதினைந்து மடங்கு.

ரிம்மின் வெளி விளிம்பில் அரை நிமிஷம் அழகாகத்தான் ஓடியது. வெள்ளி மாதிரி மின்னியதும் ஆசை கூடி, இரண்டு ஸ்போக்குக்கு நடுவே விட்டேன். பஃப் ஸ்போக்கின் ஓரத்தைக் கவ்வியது. மெஷின் கையை விட்டு எகிறியது. பிய்ந்த துணி சாட்டை மாதிரி கையில் விழுந்தது. கீழே விழுந்த கிரைண்டர் நிற்கவில்லை. அதன் சுவிட்ச் தள்ளினால் அப்படியே பூட்டிக்கொள்கிற ரகம். தரையில் நாய்க்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியது. அப்பாதான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திட்டுவார் என்று நினைத்தேன். காயத்தைத் துணியால் கட்டிவிட்டு, கிரைண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “ஏங்கண்ணு, இது நிமிசத்துக்கு எத்தனை சுத்து?”

“தெரியலீங்கப்பா.”

“இதுலயே எழுதியிருக்குதல்லொ. எனக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியாது.”

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் தையல் போட்டதைவிட அதுதான் வலித்தது. அவருடைய இடது ஆள்காட்டி விரல் நுனி கோணலாக இருக்கும். ஒரு டபராவின் விளிம்பு பஃப்பில் மாட்டியபோது ஆனது. நான் பிறப்பதற்கு முந்தைய சமாசாரம். அப்போது அவருக்கும் பதினெட்டு பத்தொன்பது வயசுதான் இருக்கும்.

ஆகவே தோழர்களே, முதல் விதி இது. கருவியின் தகட்டில் எழுதியிருக்கிற சுற்றைப் படியுங்கள். பஃப்பிலோ டிஸ்க்கிலோ எழுதியிருக்கிற அதிகபட்சச் சுற்றைப் படியுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால்தான் மாட்டலாம். பஃப்பில் எண்ணே இல்லை என்றால் கிரைண்டரில் மாட்டக்கூடாது.

வேலை கருவிக்குப் போவதா, கருவி வேலைக்கு வருவதா?

தேர்வு செய்யும்போது இந்தக் கேள்விதான் முக்கியம் என்பது என் எண்ணம். டம்ளரைக் கையில் பிடித்து ஓடுகிற பஃப்பில் காட்டலாம். பதினேழு அங்குல அலாய் வீலை அப்படிப் பிடிக்க முடியாது. கனம், அகலம், போதாததற்கு நடுவில் ஐந்தாறு ஸ்போக். ஓடுகிற பஃப் ஒரு ஸ்போக்கைக் கவ்வினால் முழுச் சக்கரமும் நம் மேல் வரும். அதனால் பெஞ்ச் மெஷின் நல்ல மெஷின்தான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. பிரேக் லீவர், கிக்கர், சைலன்சர் தகடு மாதிரிச் சின்ன உருப்படிக்கு அது ராஜா. அதில் பிடிக்கும்போது பஃப்பின் நடுமட்டத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். அப்போதுதான் தப்பினால் தரைக்குப் போகும். மேலே பிடித்தால் முகத்துக்கு வரும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெஞ்ச் கிரைண்டரில் இருக்கிற சாணைக் கல்லில் அலுமினியத்தைத் தேய்க்கக் கூடாது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். ஏன் என்று நிறையப் பேர் கேட்பதில்லை. மெதுவான உலோகம் கல்லின் துளைகளில் அப்பிக்கொள்ளும். கல் வெட்டாமல் உரசிச் சூடாகும். அப்படிச் சூடான கல் வெடிக்கலாம்.

சரி, சக்கரத்தை அசையாமல் வைத்துவிட்டுக் கருவியை அதனிடம் கொண்டுபோக என்னென்ன இருக்கிறது?

வேகம் மாற்றக்கூடிய 13 மில்லிமீட்டர் கை டிரில். டிரிக்கரை அழுத்துவதற்கேற்பப் பூஜ்யத்திலிருந்து 2800 சுற்று வரை போகும். மூன்றங்குல பஃப் மாட்டினால் முழு வேகத்தில் 11 மீட்டர், நாலங்குலம் மாட்டினால் 14.7 மீட்டர். நாம் சொன்ன 30க்குப் பாதிகூட இல்லை. மெதுவாகத்தான் வேலை நடக்கும். ஆனால் விரலை எடுத்தால் நின்றுவிடும், கவ்வினாலும் கை தாங்கும். கூம்பு வடிவ பஃப், உருண்டைப் பஞ்சு, ஃபெல்ட் முனை எல்லாம் 6 மில்லிமீட்டர் தண்டோடு கிடைக்கின்றன. ஸ்போக் இடுக்குக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு குறை உண்டு. டிரில் நேராக அழுத்துவதற்குச் செய்த கருவி. மணிக்கணக்கில் பக்கவாட்டில் அழுத்தினால் பேரிங் ஆட்டம் காணும். பத்து நிமிஷம் ஓட்டி ஐந்து நிமிஷம் ஆற விடுங்கள். டிரில்லில் சுத்தி மாதிரி அடிக்கிற அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கார் பாலிஷர். 600 முதல் 3000 சுற்று வரை டயலில் வைக்கலாம். ஏழங்குலப் பட்டையில் 3000 வைத்தால் 28 மீட்டர், கிட்டத்தட்ட அப்பாவின் மெஷின் வேகம். அகலமான கார் வீல் முகத்துக்கு அருமை. மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் பட்டை உள்ளேயே போகாது. சின்னப் பட்டை மாட்டினால் வேகம் குறைந்துவிடும்.

டயல் வைத்த ஆங்கிள் கிரைண்டர். 3000 முதல் 11,000 வரை மாற்றலாம். நாலங்குல பஃப்பை 6000ல் ஓட்டினால் 31 மீட்டர், கணக்குக்குச் சரியாக வருகிறது. ரிம்மின் வெளி விளிம்புக்கும் அகலமான ஸ்போக் முகத்துக்கும் ஏற்றது. விட்டால் நிற்கிற சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பூட்டிக்கொள்கிற சுவிட்ச் வேண்டாம். தண்டின் மரை நாலங்குலக் கிரைண்டரில் பொதுவாக எம் 10, ஐந்தங்குலத்தில் எம் 14. பஃப் வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, என்னைப் போல வாஷர் வைத்து ஒப்பேற்றாதீர்கள்.

நேர்க் கிரைண்டர், டை கிரைண்டர் என்பார்கள். 25,000 சுற்றுக்கு மேல் போகும். 27,000 சுற்றில் ஓரங்குல முனைக்கு 35 மீட்டர், அது சரி. ஆசைப்பட்டு இரண்டங்குலம் மாட்டினால் 70. தண்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும் முனை பறந்துவிடும். பழகின கைக்குத்தான் இது. எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என் தீர்ப்பு என்னவென்றால், ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் டிரில் வாங்குங்கள். பாலிஷ் இல்லாத நாளில் சுவரில் ஓட்டை போடலாம், அம்மாவும் சந்தோஷப்படுவார். இரண்டாவது வாங்க முடிந்தால் டயல் கிரைண்டர். வேகம் மாற்ற முடியாத கிரைண்டர் வெட்டுவதற்கு நல்ல கருவி, மெருகுக்கு இல்லை. நான் வாங்கியது டிரில். விடுமுறையில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போன காசு.

வாட் அதிகம் இருந்தால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். வீட்டுக்கு 600, 700 வாட் போதும். 230 வோல்ட்டில் 700 வாட் என்றால் சுமார் 3 ஆம்பியர், சாதாரணப் பிளக்கே தாங்கும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு, இரண்டு பின் இருந்தாலும் பயமில்லை. பழைய உலோக உடம்பு டிரில் என்றால் மூன்று பின்னும் எர்த்தும் கட்டாயம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் நின்று ஓட்ட வேண்டாம்.

மெஷினுக்கு முன்னால் கை

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மெருகில் முக்கால் பங்கு வேலை கையால்தான், வாட்டர் பேப்பரால்தான். மெஷின் கடைசிக் கால் பங்கு. பஃப் கீறலை எடுக்காது, கீறலைப் பளபளப்பாக்கும். நான் 240ல் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, 2000 என்று போனேன். ஒரு தாளைக் குறுக்கே தேய்த்தால் அடுத்ததை நெடுக்கே தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தின தாளின் கீறல் மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு 600லிருந்து 1500க்குத் தாண்டினேன். பாலிஷ் போட்டதும் சக்கரம் முழுக்கப் பூனை பிறாண்டிய மாதிரி இருந்தது. திரும்ப 800க்கு வந்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதால் தூசியும் பறக்காது. எல்லாம் முடித்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மின்கருவியைத் தொட வேண்டும்.

டயரைப் பஞ்சர் கடையில் கழற்றிவிடுங்கள். பேரிங் ஓட்டையைத் துணி வைத்து அடைத்து டேப் ஒட்டுங்கள். சோப்பும் துகளும் உள்ளே போனால் பேரிங் போய்விடும். டயர் உட்காரும் இடம், வால்வு ஓட்டை, டிஸ்க் பொருந்தும் முகம் இவற்றைத் தொடக்கூடாது. டியூப்லெஸ் டயருக்கு உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் காற்று நிற்காது. தேய்க்கும்போது முடி மாதிரி ஒரு கோடு தெரிந்து, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை என்றால் அது கீறல் இல்லை, விரிசல். அந்தச் சக்கரத்தை ஓட்ட வேண்டாம். அதை மெருகேற்றி மறைப்பது பாவம்.

சூடு பற்றியும் ஜாக்கிரதை. எஃகு சூடானால் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் காட்டி எச்சரிக்கும். அலுமினியம் எதையும் காட்டாது. பல சக்கரங்கள் ஏழு சதவீதம் சிலிக்கனும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த வார்ப்பு. 150 டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தி அதற்குப் பலம் கொடுத்திருப்பார்கள். அதைத் தாண்டிச் சூடேற்றிக்கொண்டே இருந்தால் அந்தப் பலம் குறையும். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். பஃப் எப்போதும் ஓரத்தை விட்டு வெளியே ஓடுகிற திசையில் இருக்கட்டும், ஓரத்துக்குள் ஓடக்கூடாது. என் தழும்புக்குக் காரணமே அதுதான்.

சோப்பிலும் பேதம் உண்டு. பழுப்புக் கட்டி வெட்டுவதற்கு, வெள்ளைக் கட்டி அலுமினியத்தை முடிப்பதற்கு, பச்சைக் கட்டி எவர்சில்வருக்கு. ஒரு பஃப்புக்கு ஒரு சோப்புதான். அப்பா பட்டறையில் எடுத்த பஃப்பில் எவர்சில்வர் துகள் ஏறியிருந்தது, அது அலுமினியத்தைக் கோடு கோடாகக் கீறியதைப் பிறகுதான் கவனித்தேன்.

தூசி

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். சீனாவில் ஜியாங்சு மாகாணத்தில் குன்ஷான் என்ற ஊரில் கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நாம் வீட்டில் செய்கிற அதே வேலைதான், பெரிய அளவில். 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, தூசி சேகரிக்கும் அமைப்பில் குவிந்திருந்த அலுமினியத் தூசி ஈரம் பட்டுத் தானே சூடேறிப் பற்றிக்கொண்டது. வெடிப்பு வேலைக்கூடம் முழுக்கப் பரவியது. அன்றும் பின்னால் ஆஸ்பத்திரியிலுமாக மொத்தம் 146 பேர் இறந்தார்கள். எல்லாரும் ஷிஃப்டுக்கு வந்த தொழிலாளிகள். அலுமினியக் கட்டி எரியாது, ஆனால் மாவாகிக் காற்றில் பரவினால் வெடிமருந்து.

வீட்டில் ஒரு சக்கரத்தில் அந்த அளவு தூசி வராதுதான். இருந்தாலும் சில பழக்கம் வேண்டும். திறந்த வாசலில் வேலை செய்யுங்கள். தூசியை வாக்குவம் கிளீனரில் உறிஞ்சாதீர்கள், உள்ளே மோட்டார் பொறி இருக்கிறது. அதே இடத்தில் இரும்பைக் கிரைண்ட் செய்து பொறி பறக்க விடாதீர்கள். துருவும் அலுமினியமும் கலந்த பொடி எப்படி எரியும் என்பதை வெல்டிங் பாடத்தில் தெர்மிட் என்று படித்திருக்கிறோம். ஈரமான அலுமினியத் துகளை டப்பாவில் போட்டு இறுக மூடி வைக்காதீர்கள், ஹைட்ரஜன் சேரும். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

மூச்சுக்கு என் 95 முகமூடி, பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி, காதுக்கு அடைப்பான். கைக்குட்டை கட்டினால் பெரிய தூசிதான் நிற்கும், நுரையீரலுக்குள் இறங்குகிற மெல்லிய தூசி நிற்காது. பழுப்புச் சோப்பில் டிரிபோலி என்ற கல் மாவு இருக்கும், அது சிலிக்கா. அந்தத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகிவிடும். துணி கையுறை போட்டு பஃப் பக்கம் போகாதீர்கள், கவ்வினால் கையோடு இழுக்கும். தொள தொள சட்டை, கைக்கயிறு, துப்பட்டா, கழுத்துச் செயின் எதுவும் ஆகாது.

இன்னும் ஒன்று. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியர் போட்டுப் பின் சக்கரத்தை ஓடவிட்டுத் துணியால் பிடித்துப் பாலிஷ் போடுவதைச் சிலர் செய்கிறார்கள். மெஷின் வாங்கத் தேவையில்லை என்று பெருமை வேறு. துணி செயினுக்குள் போனால் விரலும் சேர்ந்து போகும். இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

முகமூடி வாங்கியபோது இரண்டாக வாங்கினேன். ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். மூச்சு முட்டுது, பீஸ் குறையுது என்று இரண்டு நாள் கழற்றி வைத்துவிட்டார். சீனாக் கதையைச் சொன்னேன், அசையவில்லை. டிரிபோலியைச் சொன்னேன். “அதுதான் இருமலாக் கண்ணு?” என்று கேட்டார். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது, டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னேன். அடுத்த வாரம் திருப்பூரில் எக்ஸ்ரே எடுத்தோம். மருந்து சாப்பிடுகிறார். முகமூடியைப் போட்டுக்கொள்கிறார், டீ குடிக்க மட்டும் இறக்குகிறார்.

முன் சக்கரம் மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. டிரில், மூன்றங்குல பஃப், இடுக்குக்குக் கூம்பு, வெள்ளைச் சோப்பு, கடைசியில் துணியும் மெழுகும். மெருகேற்றின அலுமினியத்தைச் சும்மா விட்டால் கொஞ்ச நாளில் மங்கும். மாதம் ஒரு முறையாவது மெழுகு பூச வேண்டும். மெழுகோ பாலிஷோ பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் முதல் வளைவில் பிரேக் பிடிக்காது. டிரம் பிரேக் என்றால் டிரம்மின் உள்பக்கத்தையும் அப்படியே காக்க வேண்டும்.

அப்பா பட்டறையிலிருந்து வந்து, கை கழுவாமலேயே சக்கரத்தைச் சாய்த்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது ஸ்போக்கின் அடியில் விரலை வைத்தார். “இங்க நானூறு பேப்பர் கோடு நிக்குது பாரு.” நான் குனிந்து பார்த்தேன். நின்றது. பின் சக்கரம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. செமஸ்டர் முடிந்த பிறகு அதைக் கழற்ற வேண்டும்.